தவிர்க்க முடியாத காரணங்களால்

"1974 நவம்பரில் என் தந்தையார் இயற்கை எய்தினார். டிசம்பரில் நடந்த துறைத் தேர்வில் முதல் முயற்சியிலேயே தேறினேன்."

இரண்டே வாக்கியம். முதலாவதோடு அப்பா முடிந்தார். அதற்கப்புறம் துறைத் தேர்வைப் பற்றி நாலரைப் பக்கம். எந்தப் புத்தகத்தை எத்தனை முறை படித்தார், தேர்வு மையம் எந்தத் தெருவில் இருந்தது, கண்காணிப்பாளராக வந்தவர் பின்னாளில் எந்த மாவட்டத்தில் எந்தப் பதவிக்கு உயர்ந்தார், எல்லாம் உண்டு. ப்ரூஃப் பார்த்துக்கொண்டிருந்த நான் சிவப்புப் பேனாவை மூடி வைத்துவிட்டு டீ குடிக்கப் போய்விட்டேன்.

திருவல்லிக்கேணியில் ஒரு சந்துக்குள் இருக்கிற அச்சகத்துக்கு ப்ரூஃப் பார்க்கிறவன் நான். கல்யாணப் பத்திரிகை, கும்பாபிஷேக மலர், பள்ளி ஆண்டு மலர் என்று எதுவும் வரும். ஆனால் பத்துப் பன்னிரண்டு வருஷமாக வருகிற மேட்டரில் பாதி ஒரே சரக்குதான்: ஓய்வு பெற்றவர்கள் எழுதிய சொந்த வாழ்க்கை வரலாறு. மணிவிழாவுக்கு ஒன்று, சதாபிஷேகத்துக்கு ஒன்று. டெம்மி சைஸ், 112 பக்கம், அதாவது 7 ஃபாரம், 200 பிரதி. விழாவுக்கு வருகிறவர்களுக்குத் தாம்பூலப் பையில் தேங்காயோடு சேர்த்துப் போட்டுக் கொடுப்பார்கள். தேங்காய் அன்றைக்குச் சாயங்காலமே சட்னியாகிவிடும். புத்தகத்தின் கதி என்ன ஆகிறதென்று எனக்குத் தெரியும். என் வீட்டுப் பரணிலேயே இருபது கிடக்கிறது.

எழுத வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. எழுதட்டும், எனக்கும் சோறு. முன்பெல்லாம் 1000 பிரதி அடித்தால்தான் கட்டுப்படியாகும், அதனால் பெரிய மனிதர்கள் மட்டும் எழுதினார்கள். இப்போது 25 பிரதிகூட அடித்துக் கொடுக்கிறோம். பஸ் கண்டக்டர் எழுதலாம், சத்துணவு ஆயா எழுதலாம். நல்லதுதானே! ஆனால் ஒவ்வொரு கட்டுக் காகிதத்தையும் ஆசையோடு பிரிக்கிற எனக்கு ஏன் ஒவ்வொரு தடவையும் இந்த ஏமாற்றம்? எண்பது வருஷம் வாழ்ந்த மனிதர் எழுதிய 112 பக்கத்தில் அந்த எண்பது வருஷத்தைப் பற்றி அவர் என்ன நினைக்கிறார் என்பது ஏன் ஒரு வரிகூட இல்லை?

எல்லாவற்றுக்கும் ஒரே முகவெட்டு. முதலில் வாழ்த்துரைகள், குறைந்தது எட்டு. பிறகு பிறந்த ஊரின் தல வரலாறு. தாத்தாவுக்கு எத்தனை வேலி நிலம் இருந்தது என்ற கணக்கு. பள்ளிக்கூடத்துக்கு நடந்த தூரம். (இது ப்ரூஃபுக்கு ப்ரூஃப் கூடும். ஒருவர் முதல் ப்ரூஃபில் 3 மைல் நடந்தார், மூன்றாவது ப்ரூஃபில் 5 மைல் ஆகிவிட்டது.) அப்புறம் வேலை. வேலை கிடைத்ததும் மனிதர் காணாமல் போய்விடுவார், மாற்றல் உத்தரவு மட்டும்தான் பேசும். "1981 ஜூனில் திண்டுக்கல். 1983 ஆகஸ்டில் அருப்புக்கோட்டை. அங்கு 2 ஆண்டுகள் 4 மாதங்கள் பணியாற்றினேன்." அருப்புக்கோட்டையில் ஒரு மனிதன் 2 வருஷம் 4 மாதம் படுத்து எழுந்திருக்கிறான். யாரையாவது பிடித்துப்போயிருக்கும், யாரையாவது கண்டாலே ஆகாமல் இருந்திருக்கும். ஒரு ராத்திரியாவது மொட்டை மாடியில் மல்லாந்து படுத்து, என்னடா பிழைப்பு இது என்று தோன்றியிருக்கும். ஊஹூம், ஒன்றும் கிடையாது. சர்வீஸ் ரெஜிஸ்டருக்குப் பல வர்ணத்தில் அட்டை போட்டால் அதுதான் புத்தகம்.

கூடவே எல்லாரிடமும் தவறாமல் இருக்கிற ஒரு வாக்கியம் உண்டு. அதைக் கண்டாலே இப்போதெல்லாம் எனக்கு ரத்தக் கொதிப்பு ஏறுகிறது. "சில தவிர்க்க முடியாத காரணங்களால்." சில தவிர்க்க முடியாத காரணங்களால் கூட்டுக் குடும்பம் பிரிந்தது. சில தவிர்க்க முடியாத காரணங்களால் நான் அந்த வேலையை விட நேர்ந்தது. சில தவிர்க்க முடியாத காரணங்களால் என் மூத்த மகளின் திருமணத்துக்கு என் உடன்பிறந்த தம்பி வர இயலவில்லை. ஐயா, அந்தக் காரணம்தானே கதை! மற்றதெல்லாம் கல்யாண மண்டப விலாசம்தானே! ஓரத்தில் சிவப்பில் "எவை?" என்று எழுதி அனுப்புவேன். திரும்பி வருகிற ப்ரூஃபில் என் "எவை?"யை அடித்துவிட்டு, "தவிர்க்க முடியாத" என்பதற்கு முன்னால் "முற்றிலும்" என்று சேர்த்திருப்பார்கள்.

இன்னொரு ரகம் இருக்கிறது. கேட்காமலே பொருள் சொல்கிறவர்கள். அத்தியாயம் முடிகிற இடத்திலெல்லாம் ஒரு அறிவுரை தடித்த எழுத்தில் நிற்கும். ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர் தன் நண்பனைப் பற்றி எழுதியிருந்தார். சீட்டுப் பணத்தைத் தூக்கிக்கொண்டு ஓடிப்போன நண்பன். இரண்டு பக்கம், அபாரம். அவன் சைக்கிளை ஸ்டாண்டு போடுகிற விதம்கூடக் கண்ணில் தெரிந்தது. அவனுக்கு இவர் ஜாமீன் கையெழுத்துப் போட்டிருக்கிறார். வேண்டாம் வேண்டாம் என்று மனைவி அழுதும் போட்டிருக்கிறார். கடன் அடைக்க ஆறு வருஷம். கடைசியில் முடிக்கிறார்: "ஆக, நண்பர்களைத் தேர்ந்தெடுப்பதில் மிகுந்த கவனம் தேவை."

இதைச் சொல்ல ஆறு வருஷக் கடன் எதற்கு? காலண்டர் தாளைக் கிழித்தால் பின்பக்கம் இருக்குமே. போனில் கூப்பிட்டேன். "சார், அம்மா அவ்வளவு சொல்லியும் ஏன் சார் கையெழுத்துப் போட்டீங்க?" கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. லைன் போய்விட்டதோ என்று நினைத்தேன். பிறகு சொன்னார்: "அவன் ஒருத்தன்தான் தம்பி என்னை எல்லார் முன்னாலயும் 'அறிவாளி'ம்பான். வீட்ல யாரும் சொன்னதில்ல, ஸ்கூல்லயும் சொன்னதில்ல. அவன் முன்னால பேனாவை மூட முடியல."

எனக்குச் சிலிர்த்துவிட்டது. இதற்காகத்தானே அந்த இரண்டு பக்கமும் பிறந்திருக்கின்றன? "சார், இதை அப்படியே எழுதிடுங்க சார்" என்றேன். "சேச்சே, சின்னப்புள்ளத்தனமா இருக்கும். இதெல்லாம் உங்ககிட்ட ஒரு பேச்சுக்குச் சொன்னது" என்றார். கவனம் தேவை என்பதே அச்சேறியது, தடித்த எழுத்தில்.

மாடு மேயும்போது பார்த்திருப்பீர்கள். கிடைத்ததை அரைகுறையாகக் கடித்து அவசரமாக உள்ளே தள்ளும். அதற்கப்புறம் நிழலில் படுத்து, தின்றதைத் திரும்பக் கொண்டுவந்து அசைபோடும். அப்போதுதான் அது உடம்பில் ஒட்டும். நம் ஆட்கள் வேலை பார்த்த காலத்தில் மேய்ந்தார்கள், சரி. ஓய்வு பெற்று இருபது வருஷம் ஈஸிசேரில் உட்கார்ந்தார்கள். அதற்கப்புறமும் மேய்ந்ததை அப்படியே கொண்டுவந்து கொட்டினால் எப்படி? இன்னும் சிலர், தான் எதை மேய்ந்தோம் என்பதையே மறந்துவிட்டு, புல் உடம்புக்கு நல்லது என்று எழுதிக்கொடுத்துவிட்டுப் போகிறார்கள்.

பட்டியல் போட்டதற்காக மட்டும் நான் இவர்கள்மேல் பாயவில்லை. பட்டியல் போடத் தெரிந்து போட்டவர் இருக்கிறாரே. உ.வே.சாமிநாதையர் 'என் சரித்திர'த்தை ஆனந்த விகடனில் 1940 தொடக்கத்தில் எழுத ஆரம்பித்தபோது அவருக்கு வயது 84. அதில் 1880 அக்டோபர் 21 வருகிறது. கும்பகோணத்துக்கு முன்சீபாக வந்த சேலம் இராமசாமி முதலியாரைப் பார்க்கப் போகிறார். இவருக்கு 25 வயது, கல்லூரியில் தமிழ்ப் பண்டிதர் வேலை, மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் மாணவர். என்னவெல்லாம் படித்திருக்கிறீர் என்று முதலியார் கேட்க, இவர் அந்தாதி, பிள்ளைத்தமிழ், உலா, கோவை, தலபுராணம் என்று ஒப்பிக்கிறார். ஒப்பிக்க ஒப்பிக்க முதலியார் முகத்தில் ஒரு வியப்பும் இல்லை. இதற்கு முந்திய பழைய நூல்களைப் படித்ததுண்டா, சீவக சிந்தாமணி படித்ததுண்டா என்று வருகிறது கேள்வி. படித்ததில்லை.

அந்த இடத்தை அவர் எழுதியிருக்கிற விதத்தை என் வாடிக்கையாளர்கள் எல்லாரும் ஒரு தடவை படித்துவிட்டு வந்தால் தேவலை. பட்டியல் முழுதாக இருக்கிறது. ஆனால் அது அவருடைய பெருமை அல்ல, அவர் கால் வழுக்கிய படிக்கட்டு. இருபத்தைந்து வயதுப் பண்டிதரின் கர்வத்தை அவர் மறைக்கவில்லை. அந்தக் கர்வம் உடைகிற சத்தத்தையும் கேட்க வைக்கிறார். 60 வருஷம் கழித்து எழுதுகிறவர், பிற்பாடு சிந்தாமணியை 1887-ல் பதிப்பித்து ஊரே கொண்டாடிய மனிதர், அன்றைக்கே எல்லாம் எனக்குத் தெரியும் என்று ஒரு வரி போட்டுக்கொண்டு போயிருக்கலாம். யார் வந்து கேட்கப் போகிறார்கள்? அவர் போடவில்லை. தன் வாழ்க்கை திரும்பிய இடம் தான் தலைகுனிந்த இடம்தான் என்று கண்டுபிடித்து, அங்கே நம்மை உட்காரவைத்துவிட்டுப் போகிறார். 1942 ஏப்ரலில் அவர் காலமானதால் புத்தகம் பாதியில் நிற்கிறது. பாதியில் நின்றதுதான், ஆனாலும் எங்கள் அச்சகத்தில் முழுதாக முடிந்த எதைக் காட்டிலும் முழுசு அது.

பெரியவர்களை விடுங்கள், அவர் தமிழ்த் தாத்தா என்பீர்கள். பாமாவின் தன்வரலாறான 'கருக்கு' 1992-ல் வந்தது. பள்ளிக்கூடம் விட்டு வருகிற சிறுமி ஒரு காட்சியைப் பார்க்கிறாள். அவள் தெருப் பெரியவர் ஒருவர் தின்பண்டப் பொட்டலத்தைக் கையால் தொடாமல், கட்டிய சணலில் தொங்கவிட்டுத் தூக்கிக்கொண்டு வந்து மேல்சாதிக்காரரிடம் பணிந்து நீட்டுகிறார். அவளுக்குச் சிரிப்பு வருகிறது. பொட்டலம் பிரிந்து விழுந்துவிடாதோ என்று குழந்தைக்கு வேடிக்கை. வீட்டுக்கு வந்து அண்ணனிடம் சொல்லிச் சிரிக்கிறாள். அவன் சிரிக்கவில்லை. ஏன் அப்படித் தூக்கிக்கொண்டு போனார் என்று சொல்கிறான்.

என் கையில் அந்தக் கையெழுத்துப் பிரதி வந்து, அதை எழுதியவர் நம்ம சதாபிஷேகத்துக்காரர்களில் ஒருவராக இருந்திருந்தால் முதலில் எதை வெட்டியிருப்பார் சொல்லுங்கள்? அந்தச் சிரிப்பைத்தான். கொடுமையைப் பார்த்துச் சிரித்தேன் என்று எழுதுவதா, படிக்கிறவன் என்ன நினைப்பான் என்று வெட்டியிருப்பார். வெட்டிவிட்டு, தீண்டாமை ஒரு பெருங்குற்றம் என்று போட்டிருப்பார். பாமா அதை விட்டுவைத்ததால்தான், படிக்கிற நாமும் முதலில் கொஞ்சம் சிரித்துவிட்டு, பிறகு வாயை மூடத் தெரியாமல் உட்கார்ந்திருக்கிறோம்.

இதைச் சொன்னால் பதில் தயாராக இருக்கிறது. "நடந்ததை நடந்தபடி எழுதுறதுதான் தம்பி நேர்மை. நம்ம கருத்தைப் புகுத்தக் கூடாது." நடந்ததை நடந்தபடி எழுதுவதற்குப் பெயர் நாட்குறிப்பு. புதுச்சேரியில் ஆனந்தரங்கப் பிள்ளை 1736-லிருந்து 1761 வரை எழுதினார். இன்றைக்குக் கப்பல் வந்தது, துரை கோபமாக இருந்தார், துணி விலை இன்னது. மறுநாள் என்ன நடக்கும் என்று எழுதுகிற பிள்ளைக்கே தெரியாது. படிக்கிற நமக்குத் தெரியும், அதில் ஒரு ருசி. ஆனால் எண்பது வயதில் உட்கார்ந்து எழுதுகிறவருக்கு எல்லாக் கப்பலும் வந்து போனது தெரியுமே. எது முழுகியது, எது கரை சேர்ந்தது என்று தெரிந்துகொண்டே தெரியாதவர்போல "கப்பல் வந்தது" என்று மட்டும் எழுதுவதில் என்ன நேர்மை இருக்கிறது?

ஒரு உபாயம் சொல்லிப் பார்த்தேன். ஆங்கில எழுத்தாளர் வர்ஜீனியா வுல்ஃப் 1939-ல் தன் சின்ன வயசை எழுத உட்கார்ந்தபோது, எழுதுகிற நாளின் தேதியையும் போட்டுக்கொண்டு எழுதினார். அன்றைய நான், இன்றைய நான் இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கட்டும் என்று யோசனை. வெளியே யுத்தம் நெருங்கிக்கொண்டிருக்கும், உள்ளே அம்மாவின் உடைப் பூக்கள் நினைவுக்கு வரும். "இந்த மாதிரி நீங்களும் எழுதுற அன்னிக்குத் தேதி போட்டுக்கிட்டு, இன்னிக்கு அதை நினைச்சா என்ன தோணுதுன்னு ரெண்டு வரி எழுதிப் பாருங்க" என்று ஒருவரிடம் சொன்னேன். மின்வாரியத்திலிருந்து ஓய்வு பெற்றவர். சிரத்தையான மனிதர், சொன்ன சொல் தட்டவில்லை. அடுத்த கட்டு வந்தது. ஒவ்வொரு பக்கத்தின் தலையிலும் தேதி. அதன் கீழே: "காலை நடை 40 நிமிடம். பிரஷர் மாத்திரை சாப்பிட்டேன். இட்லி 3." கீழே கோடு போட்டு, "1979-ல் நான் பணியில் சேர்ந்தபோது..." இட்லி மூன்றும் பணியில் சேர்ந்ததும் ஒன்றையொன்று ஏறிட்டுக்கூடப் பார்க்கவில்லை.

நெஞ்சு நிஜமாகவே எரிந்தது ஒரு தடவைதான். ஓர் அம்மாவின் நோட்டு அது. லாங் சைஸ் நோட்டில் பென்சிலால் 40 பக்கம். மகன்கள் மூன்று பேரும் சேர்ந்து அம்மாவின் எண்பதுக்குப் புத்தகமாகப் போடுகிறார்கள். படிப்பு எட்டாம் வகுப்பு, ஒற்றெழுத்து பாதி இடத்தில் கிடையாது. நான் திருத்தப் பேனாவை எடுத்தவன் வைத்துவிட்டேன். வாசலில் தையல் மெஷின் போட்டு அக்கம்பக்கத்துக்கு ரவிக்கை தைத்துக்கொடுத்துக்கொண்டிருந்திருக்கிறார். கொழுந்தனாரின் காலேஜ் பீஸுக்காக அந்த மெஷினை விற்றுவிட்டார்கள். அதைப் பற்றி எழுதியிருந்தது இவ்வளவுதான்: மெஷின் போன அன்றைக்கு வீடு அமைதியாக இருந்தது. முதலில் நிம்மதி என்று நினைத்தேன். நாலு நாள் கழித்துத்தான் தெரிந்தது, அந்த வீட்டில் நான் பேசிக்கொண்டிருந்தது அந்தச் சத்தத்தால்தான் என்று.

இந்த அம்மாவுக்கு யார் வுல்ஃபைச் சொன்னார்கள்? யார் உபாயம் சொல்லிக்கொடுத்தார்கள்? நிம்மதி என்று நினைத்தது ஒரு நாள், இல்லை என்று தெரிந்தது நாலு நாள் கழித்து, எழுதியது ஐம்பது வருஷம் கழித்து. மூன்று பொழுதையும் மூன்று வரியில் கோத்துவிட்டார். நான் அந்தப் பக்கத்தை அச்சகத்தில் எல்லாருக்கும் வாசித்துக் காட்டினேன். பைண்டிங் செய்கிற பெண்மணி கையில் பசையோடு நின்று கேட்டார்.

இரண்டாவது ப்ரூஃப் குடும்ப வாட்ஸ்அப் குழுவுக்குப் போனது. திரும்பி வந்தபோது அந்தப் பக்கத்தின் குறுக்கே கோடு. மூத்த மகன் போனில் சொன்னார்: "சித்தப்பா மனசு கஷ்டப்படும் சார். அவர்தான் விழாவுக்கு முன்னிலை." அந்த இடத்தில் எதைப் போடுவது? அதையும் குழுவிலேயே பேசி முடிவு செய்து அனுப்பியிருந்தார்கள்: "சிக்கனத்தின் சிகரம் எங்கள் அம்மா." நோட்டைத் திருப்பிக் கொடுக்கும்போது, இதைப் பத்திரமாக வையுங்கள் என்று மூன்று தடவை சொன்னேன். வைத்திருக்கிறார்களோ, பழைய பேப்பர்காரருக்குப் போட்டார்களோ.

சரி, ஊரைச் சொல்கிறாயே, நீ எழுதிப் பாரேன் என்று என் மனைவி ஒருநாள் சொன்னாள். நியாயமான கேள்விதான். ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்தேன். "1996-ல் நான் இந்த வேலைக்கு வந்தேன்" என்று ஆரம்பித்தேன். ஏன் வந்தேன்? அதற்கு முன்னால் ஒரு வாரப் பத்திரிகைக்கு எட்டுக் கதை அனுப்பி எட்டும் திரும்பி வந்தது. எட்டாவது திரும்பி வந்த அன்றைக்கு அப்பா எதிரே உட்கார்ந்து முறுக்கு சாப்பிட்டுக்கொண்டிருந்தார். உறையைப் பார்த்தார், ஒன்றும் சொல்லாமல் தட்டை என் பக்கம் நகர்த்தினார். அந்த முறுக்கை நான் எடுத்தேனா இல்லையா? அதை யோசித்துக்கொண்டே அரைமணி நேரம் போனது. கடைசியில் என் கை என்ன எழுதியிருக்கிறது என்று பார்த்தேன். "சில தவிர்க்க முடியாத காரணங்களால் நான் எழுத்துத் துறையைத் தொடர முடியவில்லை." தாளைக் கசக்கிப் போட்டுவிட்டு மீன் வாங்கப் போனேன்.

இனி, நவம்பரில் அப்பாவை ஒரே வரியில் முடித்த பெரியவருக்கு வருகிறேன். கருவூலத்தில் கணக்குப் பார்த்து ஓய்வு பெற்றவர், சதாபிஷேகத்துக்காகப் புத்தகம். திருத்தம் கொடுக்க அவரே நேரில் வந்தார். கதர்ச் சட்டைப் பையில் மூன்று பேனா. டீ வாங்கிக் கொடுத்துவிட்டு மெதுவாகக் கேட்டேன். "ஐயா, அப்பா தவறினதை ஒரே வரியில முடிச்சுட்டீங்களே?"

"அதுல எழுத என்ன இருக்கு தம்பி? வயசாயிருந்துது, போயிட்டார்."

"நீங்க அப்ப ஊர்ல இருந்தீங்களா?"

டீயைக் கீழே வைத்தார். "தந்தி மூணு மணிக்கு வந்துச்சு. 'ஃபாதர் சீரியஸ், ஸ்டார்ட் இம்மீடியட்லி.' அந்தக் காலத்துல அப்படித் தந்தி வந்தா என்ன அர்த்தம்னு சின்னக் குழந்தைக்கும் தெரியும். போயிட்டார்னு யாரும் தந்தியில போட மாட்டாங்க. எங்க ஆபீசர் அதைப் பார்த்துட்டு, கிளம்புய்யா, நான் பார்த்துக்கறேன்னார். அன்னிக்குக் கணக்கு ஆறு ரூபா உதைச்சுது. இதை முடிச்சுட்டுப் போறேன் சார்னேன். அவரு ரெண்டு தடவை சொன்னார். நான் கேக்கல. ராத்திரி ஒம்பது மணிக்குக் கண்டுபிடிச்சேன். ஒரு ஏழை ஒண்ணுன்னு எழுதி வெச்சிருந்தேன். அவ்வளவுதான், வேற ஒண்ணுமில்ல. கடைசி பஸ் போயிருச்சு. விடிஞ்சு நான் போய்ச் சேர்றதுக்குள்ள தம்பி கொள்ளி வெச்சுட்டான். நான்தான் மூத்தவன்."

நான் ஒன்றும் பேசவில்லை. அவரே தொடர்ந்தார். "இன்னிக்கு வரைக்கும் ஒண்ணு எனக்குப் பிடிபடல தம்பி. நான் அந்த ஆறு ரூபாயைத் தேடிக்கிட்டு உட்கார்ந்திருந்தேனா? இல்ல, அது கிடைக்கிற வரைக்கும் அப்பா சீரியஸாத்தான் இருப்பார், போயிருக்க மாட்டார்னு உட்கார்ந்திருந்தேனா?"

துறைத் தேர்வைப் பற்றிய நாலரைப் பக்கம் எனக்கு அப்போதுதான் விளங்கியது. அது கணக்குத் தேர்வு. அப்பா போன அடுத்த மாதம் எழுதிய கணக்குத் தேர்வு. பெருமையடிக்கிறார் என்று நினைத்து, சலித்துக்கொண்டு நான் டீ குடிக்கப் போன அந்த நாலரைப் பக்கமும் அவர் அந்த ராத்திரி ஒன்பது மணியைச் சுற்றிச் சுற்றி வந்த தடம். இத்தனை வருஷம் ப்ரூஃப் பார்த்து என்ன பிரயோசனம், எனக்கே தெரியவில்லையே.

கெஞ்சினேன். "ஐயா, இப்ப சொன்னதை அப்படியே எழுதிக் கொடுங்க. காந்தி எழுதியிருக்காரே. அப்பா உயிர் போற நேரத்துல தான் பக்கத்துல இல்ல, மனைவிகூட அறையில இருந்தேன்னு 'சத்திய சோதனை'யில எழுதியிருக்காரே. பதினாறு வயசுல நடந்தது, நாப்பது வருஷம் கழிச்சும் அந்த வெட்கம் போகலைன்னு எழுதலையா?"

"அவர் மகாத்மா தம்பி, அவர் எழுதலாம். எனக்கு சம்பந்தி வீடு இருக்கு."

போகும்போது வாசல்வரை போனவர் திரும்பி வந்தார். ப்ரூஃபில் 47-ஆம் பக்கத்தைப் புரட்டினார். "ஒண்ணு செய்யலாமா? இந்த 'இயற்கை எய்தினார்'க்குக் கீழ ஒரு அரைப் பக்கம் ஒண்ணும் போடாம சும்மா விட முடியுமா? தேர்வு சமாச்சாரம் அடுத்த பக்கத்துல ஆரம்பிக்கட்டும்."

முடியுமாவா? 112 பக்கத்துக்குள் அடங்கவேண்டிய புத்தகம் அரைப் பக்கம் தள்ளினால் எட்டாவது ஃபாரத்துக்குப் போய்விடும், செலவு ஏறும். ராத்திரி உட்கார்ந்து வாழ்த்துரைகளில் "பண்பாளர்", "அன்பாளர்", "மாண்பாளர்" எல்லாவற்றையும் களையெடுத்து அரைப் பக்கம் மிச்சம் பிடித்தேன். டிடிபி பையனிடம் அந்தப் பக்கத்தைக் காட்டி, இங்கே காலி, இங்கே ஒன்றும் வரக்கூடாது என்று எழுதியும் கொடுத்தேன். மறுநாள் எனக்குக் காய்ச்சல். கடைசி ப்ரூஃப் பார்க்காமலே ஃபிலிமுக்குப் போய்விட்டது.

மூன்றாம் நாள் வந்து அச்சான பிரதியைப் பிரித்தேன். 47-ஆம் பக்கத்தில், இயற்கை எய்தினாருக்குக் கீழே, இலையும் தண்டுமாக ஒரு பெரிய ரோஜாப்பூ.

"காலியா இருந்துச்சு அண்ணே, பார்க்க ஒரு மாதிரியா இருந்துச்சு. அதான் நானே ஒரு டிசைன் வெச்சேன். நல்லா இல்ல?"

200 பிரதியும் பைண்டிங் முடிந்து, மண்டபத்துக்கு ஆட்டோவில் ஏறியிருந்தது.